வந்த கலையும் நின்ற மரமும்

சென்ற கோடையில் ஒரு மாலை, தில்லியில் குடியேறி 20 ஆண்டுகளாக வாழும் கும்பகோணத்து நண்பர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் நம் இல்லம் வந்து சேர்ந்தார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள், உகுலேலே என்னும் நான்கு நரம்புச் சிறு வாத்தியத்தைச் சில ஆண்டுகளாகப் பழகி வருகிறாள். கடையில் விற்கும் வாத்தியம் இனிப் போதாது. தன் கைக்கும் காதுக்கும் ஏற்ப ஒன்றைச் செய்வித்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் விருப்பம். வாத்தியம் செய்பவர் ஒருவருக்கு எழுதினாள். அவர் ஆறு மரங்களின் பெயர்களை எழுதியனுப்பி, எது வேண்டும் என்று கேட்டிருந்தார்.

பணம் கொடுப்பவர் அவளுடைய பாட்டி. அந்த அம்மையார் இளமையில் வீணை பயின்றவர். எந்த மரம் என்று தெரியாமல் பணம் தருவதில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். "மொழிபெயர்ப்பு உங்கள் தொழில்தானே, அம்மாவுக்கு விளங்கும்படி இதைத் தமிழில் எழுதித் தாருங்கள்" என்றார் நண்பர்.

கோஆ, மகோகனி, மா, ஸ்புரூஸ், ரோஸ்வுட், பிளாக்வுட். இவையே அந்த ஆறு பெயர்கள். அரை மணி நேர வேலை என்று எண்ணித்தான் தாளை வாங்கிக்கொண்டோம். இரண்டு வாரம் ஆயிற்று. பெயர் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரலாறு நின்றது. அவ்வரலாறு நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் வரலாறாகவும் இருந்தது. அன்று அம்மையாருக்காக எழுதியதையே இங்கு நேயர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லுகிறோம்.

அட்லாண்டிக் பெருங்கடலில் மதெய்ரா என்றொரு தீவு உண்டு. போர்த்துக்கீசிய மொழியில் 'மதெய்ரா' என்ற சொல்லுக்கு மரம், மரக்கட்டை என்பதே பொருள். காடு அடர்ந்த தீவாதலின் அப்பெயர் பெற்றது. அத்தீவினர் மஷேத் என்னும் சிறு நான்கு நரம்பு வாத்தியத்தை இசைத்து வந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு வறுமை மிகுந்தது. அதே காலத்தில், உலகின் மறுபுறத்தில் பசிபிக் பெருங்கடலின் நடுவே இருந்த ஹவாய் அரசில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகத் தோட்டங்களுக்குக் கப்பலேறுவது எத்தகையது என்பதைத் தமிழ் மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல் மதெய்ராவிலிருந்து 400-க்கும் மேற்பட்ட மக்களுடன் ஹோனலூலூ துறைமுகத்தை அடைந்தது. கடற்பயணம் ஏறத்தாழ நான்கு மாதம். கரை கண்ட மகிழ்ச்சியில் ஜுவாவ் பெர்னாந்திஸ் என்பவர் மஷேத்தை மீட்டிப் பாடினார் என்பர். வந்தவர்கள் தெருக்களில் இரவு தோறும் இசை நிகழ்த்துவதாகச் சில நாட்களில் அவ்வூர்ப் பத்திரிகையும் எழுதிற்று. அக்கப்பலில் மானுவேல் நூனிஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என மரவேலை கற்ற மூவர் இருந்தனர். தோட்ட வேலைக்கு வந்த அம்மூவரும் 1880-களின் இடைப்பகுதிக்குள் ஹோனலூலூ நகரில் தச்சுப் பட்டறை வைத்துக்கொண்டு, மேசை நாற்காலிகளுடன் வாத்தியங்களும் செய்யத் தொடங்கினர்.

மரம் தேர்வு என்னும் நம் பொருள் இங்குதான் தொடங்குகிறது. ஐரோப்பிய மரபில், நரம்பு வாத்தியத்தின் மேல்பலகைக்கு ஊசியிலை மரத்தையே கொள்வர். ஸ்புரூஸ் என்பது அவ்வகை. எடை குறைவு, விறைப்பு மிகுதி. ஆதலின் நரம்பின் அதிர்வை எளிதில் ஏற்று வெளியே வீசும். ஆனால் ஹவாயில் அம்மரம் இல்லை. மூவருடைய பட்டறைகளிலும் கிடந்தது அத்தீவுகளின் மரமான கோஆ. 'கோவா' என்று எழுதினால் மேற்குக் கடற்கரையிலுள்ள நம் கோவாவை நினைத்துவிடுவர் என்று அஞ்சி 'கோஆ' என்று எழுதுகிறோம். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு வீரன் என்ற பொருளும் உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத வேல மர இனம் அது. அத்தீவு மக்கள் பெரும் படகுகளைக் குடைந்தது அம்மரத்தில்தான். அலை மீது நின்று செல்லும் பலகைகளைச் செதுக்கியதும் அதில்தான்.

வந்த தச்சர்கள் கோஆவைக் கொண்டு வாத்தியத்தின் பக்கங்களையும் பின்பலகையையும் மட்டுமன்றி மேல்பலகையையும் செய்தனர். உடல் முழுவதும் ஒரே வன்மரம். பழைய மரபுக்கு இது மாறானது. ஆயினும் மெல்லியதாக இழைத்தபோது கோஆ நன்றாகவே ஒலித்தது. ஸ்புரூஸ் பலகையின் கூர்மையான ஒலி அதில் இல்லை. சற்றே மென்மையும் கனிவும் கொண்ட ஒலி பிறந்தது. நரம்பின் சுருதி அமைப்பும் மாறிற்று. மதெய்ராவின் மற்றொரு வாத்தியமான ஐந்து நரம்பு ரஜாவிலிருந்து நான்கு நரம்புகளின் சுருதி எடுத்துக்கொள்ளப்பட்டது. இவ்வாறு பிறந்த வாத்தியம் மதெய்ராவினது என்றும் சொல்ல இயலாதது; அதற்கு முன் ஹவாயில் இருந்ததும் அன்று.

அந்நாளில் ஹவாயை ஆண்டவர் மன்னர் கலாகவுவா. 1881-இல் உலகைச் சுற்றி வந்த இம்மன்னர், தம் நாட்டிற்குத் தொழிலாளர்கள் கிடைப்பார்களா என்பதையும் அறியும் பொருட்டுப் பல நாடுகளுக்குச் சென்றார். கல்கத்தாவிற்கும் பம்பாய்க்கும் கூட வந்து போனார். நாட்டு ஆடலும் பாடலும் மதபோதகர்களின் எதிர்ப்பால் ஒடுங்கியிருந்த காலத்தில் அவற்றுக்கு அரண்மனையில் மீண்டும் இடமளித்தவர் அவர். 1886-இல் கொண்டாடப்பட்ட அவருடைய 50-ஆம் பிறந்தநாள் விழாவில், ஹுலா நடனத்திற்குத் துணையாக இப்புதிய வாத்தியமும் ஒலித்தது. வந்தவர்களின் வாத்தியத்தை அரசர் ஏற்றார், குடிகளும் ஏற்றனர்.

பெயர் சூட்டியவர்களும் ஹவாய் மக்களே. 'உகு' என்பது தெள்ளுப்பூச்சி. 'லேலே' என்பது தாவுதல். வாசிப்பவரின் விரல்கள் நரம்புகளின் மேல் துள்ளுவதைக் கண்டு 'தாவும் தெள்ளு' என்றனர் என்பது பலரும் சொல்லும் விளக்கம். கலாகவுவாவின் தங்கையும் அந்நாட்டின் இறுதி அரசியுமான லிலியுவோகலானி வேறு பொருள் கூறினார். 'உகு' என்பதற்குக் கொடை என்றும், 'லேலே' என்பதற்கு வருதல் என்றும் கொண்டு, 'இங்கு வந்த கொடை' என்றார் அவர். மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். நாம் அம்மையாரின் தாளில் இரண்டாவதையே எழுதினோம்.

1893-இல் அவ்வரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-இல் ஹவாய் அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டது. அரசு மறைந்தது, வாத்தியம் நிலைத்தது. 1915-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் பனாமாக் கால்வாய் திறப்பை ஒட்டி நடந்த பெருங்கண்காட்சியில், ஹவாய் மண்டபத்தின் இசையைக் கேட்க மக்கள் திரண்டனர். அதன் பின் அமெரிக்கா முழுவதும் உகுலேலே மோகம் பரவியது. நூனிசிடம் தொழில் பயின்ற சாமுவேல் கமாகா என்னும் ஹவாய்க்காரர் 1916-இல் தொடங்கிய பட்டறையை அவருடைய குடும்பத்தார் இன்றும் ஹோனலூலூவில் நடத்தி வருகின்றனர்.

மரத்தேர்வில் நேர்ந்த ஒரு தவற்றையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. பென்சில்வேனியாவில் கிதார் செய்வதில் பெயர் பெற்ற மார்ட்டின் நிறுவனம் 1907-இல் சில உகுலேலேக்களைச் செய்து பார்த்தது. கிதாருக்கு ஏற்ற முறையில் மேல்பலகைக்கு ஸ்புரூஸ் இட்டு, உட்புறம் தாங்குகட்டைகளையும் மிகுதியாகப் பொருத்தினர். ஒலி மங்கிற்று, வாங்குவோர் இல்லை. தவறு ஸ்புரூஸ் மரத்தினுடையதன்று. பெரிய வாத்தியத்தின் இலக்கணத்தைச் சிறிய வாத்தியத்தின் மேல் சுமத்தியதே தவறு. ஹவாய்த் தச்சர்களின் வழியை உணர்ந்து, 1916-இல் உடல் முழுவதையும் மெல்லிய மகோகனியால் செய்தபோது அந்நிறுவனம் வெற்றி கண்டது. சில ஆண்டுகளில் கோஆவையும் வரவழைத்துக்கொண்டது.

இனி, மரம் எவ்வாறு ஒலிக்கிறது என்பதைச் சிறிது காண்போம். உகுலேலேயின் நரம்புகளில் இழுவிசை குறைவு. சோப்ரானோ என்னும் மிகச் சிறிய வகையின் மொத்த நீளம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர்தான். மெல்லிய விசையால் அசைய வேண்டிய பலகை கனமாக இருத்தலாகாது. அதனாலேயே மேல்பலகையை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுக்கு இழைக்கின்றனர். உலர்ந்த கோஆ ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 610 கிலோ எடை, மகோகனி 590, ஸ்புரூஸ் 425, நம் நாட்டு ரோஸ்வுட்டாகிய தோதகத்தி 830. தோதகத்தியை மேல்பலகைக்குக் கொள்ளாமல் பின்புறத்துக்கும், பக்கங்களுக்கும், விரல் பதியும் பலகைக்கும் கொள்வதன் காரணம் இவ்வெண்களிலேயே விளங்கும்.

எடைக்கு அடுத்தது அறுப்பு. அடிமரத்தின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை வளைவதும் சுருங்குவதும் குறைவு. மூன்றாவது உலர்த்தல். ஈரம் நன்கு நீங்காத பலகை எத்துணை அழகியதாயினும் பயனில்லை. நான்காவது வளையும் இயல்பு. வீணையின் குடத்தைக் கட்டையிலிருந்து குடைந்தெடுப்பர். உகுலேலேயின் பக்கங்களையோ மெல்லிய பட்டைகளைச் சூடேற்றி வளைப்பர். பட்டியலில் பலா ஏன் இல்லை என்று அம்மையார் கேட்டதற்கு இதையே விடையாகச் சொன்னோம். பலா தாழ்ந்த மரமன்று. அது வேறொரு தொழிலுக்கு ஏற்றது. தஞ்சைத் தச்சர் தம் ஊரில் நின்ற பலாவை அறிந்ததுபோல், ஹோனலூலூத் தச்சர் தம் கைக்கு எட்டிய கோஆவை அறிந்தனர்.

அழகைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். கோஆவின் சில பலகைகளில் நீரலை போன்ற நெளிகோடுகள் மின்னும். அவற்றுக்கு விலை பன்மடங்கு. ஆனால் கோடு கண்ணுக்கு உரியது. காதுக்கு அது உறுதி தருவதில்லை. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் எந்த மரம் என்பதில் நாம் எண்ணுமளவு வேறுபாடு இல்லை என்பதையும் ஆராய்ச்சி காட்டியுள்ளது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பின்புற மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிதார்களை 52 கலைஞர்கள் பார்வை மறைத்து வாசித்தனர். அரிய மரத்தையும் மலிவான மரத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே அவர்கள் மதிப்பிட்டனர். கிதாருக்குச் செய்த சோதனையே இது. ஆயினும் விலையைக் கொண்டு நாதத்தை அளப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது.

தில்லிவாசிகள் கருத வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. மே மாதத்தின் வறண்ட காற்றும் ஆவணியின் ஈரக்காற்றும் மரத்தை மாறி மாறிச் சுருக்கியும் விரித்தும் வாட்டும். அம்மையார் ஊரிலிருந்து கொண்டுவந்த வீணையின் குடம், தில்லியின் இரண்டாம் கோடையிலேயே நெடுக வெடித்தது. அன்று முதல் அது உறையிட்டபடியே மூலையில் நிற்கிறது. பட்டியலைக் குறித்து அவர் அத்துணை கேள்வி கேட்டதன் காரணத்தை நாம் அப்பொழுதுதான் உணர்ந்தோம். எந்த மரமாயினும் பெட்டியில் வைத்து, கோடையில் அதனுள் சிறிது ஈரம் காத்தால் பிழைக்கும் என்று எழுதினோம். அன்று அதை அவருக்குச் சொல்வார் இல்லை.

பட்டியலின் மரங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. 1793-இல் ஆங்கிலேய மாலுமி வான்கூவர் ஹவாய் மன்னர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவற்றைக் கொல்லலாகாது என்று மன்னர் தடை விதித்தார். மாடுகள் காட்டில் பெருகி, கோஆக் கன்றுகளை முளையிலேயே மேய்ந்தன. பின்னர் மேய்ச்சல் நிலத்துக்காகவும் காடு அழிக்கப்பட்டது. இன்று கோஆ அரிது, விலையும் மிகுதி. பட்டுப்போன மரங்களையும் விழுந்து கிடக்கும் மரங்களையும் தேடி எடுப்போர் பலர். 1985-இல் அமைந்த ஹக்கலாவு வனவிலங்குப் புகலிடத்தில் கோஆக் கன்றுகள் பெருந்தொகையாக நடப்பட்டு வந்துள்ளன. அகன்ற இலை மகோகனி 2003 முதலும், தோதகத்தி உள்ளிட்ட அதன் பேரினம் முழுவதும் 2017 முதலும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு மட்டும் தோதகத்தி குறித்த கட்டுப்பாடு 2019-இல் தளர்த்தப்பட்டது.

மரங்களும் மனிதரைப் போலவே இடம் பெயர்ந்தன. பட்டியலின் பிளாக்வுட், கோஆவுக்கு நெருங்கிய உறவு. ஆஸ்திரேலியாவின் வேல மரம். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் அதனை நம் நீலகிரியில் கொண்டுவந்து நட்டனர். இன்று அது சோலைக்காடுகளிலும் புல்வெளிகளிலும் புகுந்து பரவிக் கிடக்கிறது. வந்தேறியவை யாவும் கொடையாவதில்லை என்பதற்கு அது சான்று. மாவோ, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹவாய்க்குச் சென்று, அங்கு வீட்டுத் தோட்டங்களின் மரமாகிவிட்டது. காய்ப்பு ஓய்ந்தும் புயலில் சாய்ந்தும் போன மாமரங்களை இன்று அங்குள்ள வாத்தியத் தச்சர்கள் விரும்பி ஏற்கின்றனர். அதற்கு முன்பே, ஹவாய் மக்கள் உணவுக் கலங்களைக் கடைந்தது மிலோ, கமானி என்னும் மரங்களில். அவை வேறல்ல, நம் பூவரசும் புன்னையுமே. இதைக் கேட்டதும், "பூவரசு அங்கேயும் இருக்கிறதா?" என்று அம்மையார் இருமுறை கேட்டார்.

முடிவில் பெண் தேர்ந்தது மா. பாட்டி முதலில் ஒப்பவில்லை. "மாங்கட்டை பெட்டி அடிக்கவும் ஹோமத்துக்கும்தானே ஆகும்? அதில் வைரம் ஏது?" என்றார். "பாட்டி, உங்களுக்குத் தெரிந்த மரமாகவும் இருக்க வேண்டும், அந்த ஊருக்குத் தெரிந்த மரமாகவும் இருக்க வேண்டும் என்று பார்த்தேன்" என்றாள் பேத்தி. பாட்டி சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "நன்றாகக் காய்ந்த பலகையா என்று கேட்டு எழுதச் சொல்" என்றார். அவ்வாறே நாமும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தோம்.

மதெய்ராத் தச்சர்கள் தம் தீவிலிருந்து கடல் கடந்து கொண்டுவந்தது கலை. மரத்தை வந்த ஊரிலேயே கண்டுகொண்டனர். தம் ஊர் மரம் கிடைக்கவில்லையென்று அவர்கள் கைகட்டி இருந்திருந்தால் உகுலேலே பிறந்திராது. கற்ற தொழிலை மறந்து தோட்டத்திலேயே நின்றுவிட்டிருந்தாலும் பிறந்திராது. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் வீடுகளில் இதே கேள்வி நாள்தோறும் வேறு உருவில் எழுகிறது. எதைக் காப்பது, எதை இவ்வூரிலிருந்து எடுத்துக்கொள்வது என்பதே அக்கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பெரியோர் மட்டுமல்லர். இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளும்தான். நல்ல தச்சன் பலகையை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதுபோல், அவர்கள் தேர்வதையும் நாம் பொறுமையுடன் கேட்டுப் பார்த்தல் நன்று.